சரிவுப் பாறையில் கால் எப்படி நிற்கிறது?

சாவனதுர்காவில் முதல் சரிவுப் பாறை வந்ததும், புதிதாக மலையேற வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். குனிந்து, இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, தவழப் பார்ப்பார்கள். கூட வரும் வழிகாட்டி சத்தம் போடுவார்: “கையை எடுங்க சார், நிமிர்ந்து நில்லுங்க!” உயிர்ப் பயத்தில் இருப்பவருக்கு இது கொலை முயற்சி மாதிரித்தான் தோன்றும். ஆனால் பள்ளிக்கூட இயற்பியல் வழிகாட்டியின் பக்கம் நிற்கிறது.

பெங்களூரிலிருந்து மேற்கே, மாகடிக்குப் பக்கத்தில் இருக்கிறது சாவனதுர்கா. கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர் உயரம். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு குன்றுகள். அடிவாரத்தில் வீரபத்திரர் கோயிலும் நரசிம்மர் கோயிலும் உண்டு. மேலே போக வெட்டிய படிக்கட்டு கிடையாது. மொட்டைப் பாறைமேல் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டியதுதான். சில இடங்களில் நடக்கலாம், சில இடங்களில் கையும் வேண்டியிருக்கும். சும்மா நடப்பதற்கும் கயிறு கட்டி ஏறுவதற்கும் நடுவில் இருக்கிற இந்த வித்தையைத்தான் மலையேறிகள் ஸ்க்ராம்ப்ளிங் என்கிறார்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 30 டிகிரி சரிவில் நிற்கிறார். அவருடைய எடை இரண்டு திசையில் வேலை செய்கிறது. 30 கிலோ அளவு அவரைச் சரிவு வழியே கீழே இழுக்கிறது. 52 கிலோ அளவு அவர் பாதத்தைப் பாறைமேல் அழுத்துகிறது. இழுப்பை அழுத்தத்தால் வகுத்தால் 0.58. ஷூவுக்கும் பாறைக்கும் இடையிலான உராய்வுக் குணகம், அதாவது ஒன்றை ஒன்று எவ்வளவு பிடிக்கும் என்ற அளவு, இதற்கு மேல் இருந்தால் ஆள் நிற்பார், குறைந்தால் சறுக்குவார். காய்ந்த கிரானைட்டில் நல்ல ரப்பர் அடிப்பாகத்துக்கு இது பெரிய விஷயமில்லை. கணக்கில் எடை வெட்டுப்பட்டுப் போவதால், ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் அதே 0.58தான்.

இப்போது அவர் பயந்து குனிகிறார். அழுத்தத்தில் 15 கிலோ கைக்குப் போய்விட்டது என்று வையுங்கள். பாதத்தை அழுத்துவது 37 கிலோதான். ஆனால் கீழே இழுக்கும் 30 கிலோ குறையவே இல்லை. வியர்த்து ஈரமான உள்ளங்கை அந்த இழுப்பில் பெரிதாகப் பங்கெடுக்காது, மொத்தமும் பாதத்தின் தலையில் விழுகிறது. 30ஐ 37ஆல் வகுத்தால் 0.81. பாறையும் மாறவில்லை, ஷூவும் மாறவில்லை; குனிந்த ஒரே காரணத்துக்காகக் கால் கூடுதலாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. போதாக்குறைக்கு, குனியும்போது குதிகால் தானாக மேலே எழும்பி, ஷூவின் நுனி மட்டும்தான் பாறையில் படும்.

நுனி மட்டும் பட்டால் என்ன நஷ்டம்? உராய்வு தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல என்றுதானே பாடத்தில் படித்தோம்? மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது ஏறக்குறைய சரி. ரப்பர் அந்த விதிக்கு முழுசாகக் கட்டுப்படாது. ரப்பர் பாறையைப் பிடிப்பது இரண்டு வழிகளில். முதலாவது, மூலக்கூறு அளவில் நெருங்கி ஒட்டுவது. இரண்டாவது, பாறையின் சொரசொரப்புக்குள் பிதுங்கி இறங்கி, நகரும்போது நசுங்கி நசுங்கி ஆற்றலை வெப்பமாக இழப்பது. இரண்டுக்குமே நெருக்கமான தொடுகை வேண்டும். சின்ன இடத்தில் பெரிய எடையை ஏற்றினால் ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைக்கும் பிடிப்பு குறைகிறது. அதனால்தான் குதிகாலை இறக்கி, பாதத்தை முடிந்தவரை பரப்பி வைக்கச் சொல்கிறார்கள். இதில் கெண்டைக்காலுக்கும் லாபம் உண்டு. குதிகால் தூக்கியே இருந்தால் கெண்டைச் சதை ஓயாமல் இறுகிக் கிடந்து, கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஊசிபோலக் கால் கிடுகிடுவென ஆட ஆரம்பிக்கும். பலர் அதைப் பயம் என்று நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது சதையின் களைப்பு.

ஷூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தாலிய மலையேறி விட்டாலே பிரமானி 1935இல் ஆல்ப்ஸ் மலையில் நடந்த விபத்தில் ஆறு தோழர்களை இழந்தார். அவர்கள் காலில் இருந்தது அந்தக் குளிருக்குப் போதாத காலணி. அதற்குப் பிறகு அவர் உருவாக்கி 1937இல் கொண்டுவந்ததுதான் ஆழமான பள்ளம் மேடு வைத்த ரப்பர் அடிப்பாகம். விப்ரம் என்ற பெயரில் இன்றும் கடைகளில் இருக்கிறது. சேற்றுக்கும் பனிக்கும் அது அருமை. மொட்டைப் பாறையில் மட்டும் அந்தப் பள்ளங்கள் வீண்தான், காற்று பாறையைப் பிடிக்காதே! 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியால் நிறுவனம் வழவழப்பான அடிப்பாகமும் மிருதுவான ரப்பரும் கொண்ட ஏற்றக் காலணியைக் கொண்டுவந்தபோது சரிவுப் பாறை ஏறுவதே வேறு மாதிரி ஆகிப்போனது. ஒருநாள் பயணத்துக்கு அதையெல்லாம் வாங்க வேண்டியதில்லை. அடி தேய்ந்து கெட்டிப்பட்டுப்போன ஓட்டப் பயிற்சி ஷூவைப் போட்டுக்கொண்டு வராமல் இருந்தால் போதும்.

பாறையும் இதில் பாதிப் பங்காளி. சாவனதுர்கா குளோஸ்பெட் கிரானைட் என்ற நீண்ட பாறைப் பட்டையைச் சேர்ந்தது. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் மெதுவாக ஆறி இறுகியது. மெதுவாக ஆறியதால் படிகங்கள் பெரிதாக வளர்ந்தன. ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் இளஞ்சிவப்புக் கட்டிகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். மழை படப்பட மற்றவை தேய்ந்து, குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் துருத்தி நிற்கும். ரப்பர் பிதுங்கி இறங்குவது இந்த மேடு பள்ளத்துக்குள்தான். விரலால் தடவினால் உப்புத்தாள் மாதிரி உறுத்தும் இடம் நல்ல இடம்.

அதே பாறை உதிரவும் செய்யும். குழிகளில் பருமணலாகத் தேங்கியிருக்கும். அதன்மேல் கால் வைத்தால் ஷூ பாறையைத் தொடவே இல்லை, உருளும் மணிகளைத்தான் தொடுகிறது. கரும்பட்டைகள் இன்னும் மோசம். மழைநீர் வழியும் தடத்தில் நீலப்பச்சைப் பாசி படிந்து காய்ந்ததுதான் அந்தக் கருப்பு. வெயிலில் சாதுவாகக் கிடக்கும், நாலு தூறல் விழுந்தால் கொழகொழப்பாகிவிடும். நனைந்த பாறையில் நீர்ப்படலமும் ரப்பருக்கும் பாறைக்கும் இடையே புகுந்துகொள்கிறது. மேகம் கருத்தால் “போதும், இறங்கலாம்” என்று சொல்லும் வழிகாட்டியோடு குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் வாக்குவாதம் செய்வார். தயவுசெய்து அந்த ஒருவராக இருக்காதீர்கள்.

அப்படியானால் கை எதற்கு? ஊன்றுவது வேறு, பிடிப்பது வேறு. வெடிப்போ விளிம்போ இருந்து, அதைப் பிடித்துச் சரிவு வழியே இழுத்தால், காலைக் கீழே தள்ளும் அந்த 30 கிலோவில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்கிறது. பாதத்தின் அழுத்தம் குறையாது, சுமை குறையும். செங்குத்தான திட்டுகளில் இதுதான் முறை. இரண்டு கை, இரண்டு காலில் எப்போதும் மூன்று பாறையில் இருக்க வேண்டும், ஒன்றுதான் நகர வேண்டும். பிடிக்கும் முன் தட்டிப் பார்க்க வேண்டும். மேலே இருந்த சுமை அரிப்பில் குறையக் குறைய, கிரானைட் மேற்பரப்புக்கு இணையாக அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். தட்டினால் ‘டொங்’ என்று வெற்றுச் சத்தம் கேட்டால், அந்த அடுக்குக்கு அடியில் இடைவெளி இருக்கிறது. அதை நம்பி இழுக்கக் கூடாது.

இறங்கும்போது பயம் வேறு உருவம் எடுக்கிறது. உடம்பு பின்னால் சாய்ந்து, கடைசியில் உட்கார்ந்தே சறுக்கப் பார்க்கும். கணக்கு அதேதான், கைக்குப் பதில் இப்போது பேன்ட் துணி அழுத்தத்தைத் திருடுகிறது. முட்டியை லேசாக மடக்கி, மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வருமாறு முன்னால் வந்து, சின்னச் சின்ன அடியாக வைத்தால் பாதம் முழு எடையையும் வாங்கும். எட்டிக் குதித்து வைக்கும் அடியில் இழுப்பு ஒரு கணம் எகிறும். ஒருமுறை சறுக்கத் தொடங்கிவிட்டால் நிறுத்துவதும் பெரும்பாடு.

குழுவாகப் போவதில் தனி ஆபத்து ஒன்று இருக்கிறது. மேலே இருப்பவர் காலில் தட்டுப்பட்ட கல், தடையில்லாமல் 10 மீட்டர் விழுந்தால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். ஆகவே ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது, சற்றுப் பக்கவாட்டில் தள்ளி நிற்க வேண்டும். கல் உருண்டால் உருட்டியவர் உடனே கத்த வேண்டும், வெட்கப்படக் கூடாது. கீழே இருப்பவர் என்ன சத்தம் என்று நிமிர்ந்து பார்க்காமல், தலையைக் குனிந்து பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.