பஸ்ஸுக்கும் பிரதேச சபைக்கும் ஒரே கார்டு: அதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை

பஸ்ஸில் போக, சபைக்குப் பணம் கட்ட, நூலகத்தில் புத்தகம் எடுக்க எல்லாவற்றுக்கும் ஒரே கார்டு வரப்போகிறது என்று இலங்கை மலையகத் தோட்டங்களில் பேச்சு அடிபடுகிறது. அப்படி ஒரு கார்டு இன்னும் இல்லை. "பதிந்து தருகிறோம்" என்று லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வந்து யாராவது காசு கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இப்போது இருப்பதெல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் கவ்பே (GovPay) என்ற அரச இணையக் கட்டண முறை வந்தது. அதில் சேர்ந்த அரச நிறுவனங்களுக்கு வங்கிச் செயலி வழியாகப் பணம் கட்டலாம். அதே ஆண்டு நவம்பரில் கொழும்பை அடுத்த மாக்கும்புர பஸ் நிலையத்தில், பஸ் கட்டணத்தை வங்கி கார்டால் செலுத்தும் முறை தொடங்கியது. இந்திய மானியத்தோடு டிஜிட்டல் அடையாள அட்டை வேலையும் நடக்கிறது. பின்னணி இவ்வளவு போதும். நாளைக்கு எந்தக் கார்டு வந்தாலும் முதலில் கேட்கப்போவது உங்கள் தேசிய அடையாள அட்டையைத்தான். நம் ஆட்கள் வழுக்கி விழுவதும் அங்கேதான்.

15 வயது நிறைந்தால் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அதிபர் உறுதிப்படுத்துவார், பெரும்பாலும் சிக்கல் வராது. பள்ளியை விட்டவர்களுக்குத்தான் அலைச்சல். தோட்டத்தில் குடியிருந்தால் தோட்ட அத்தியட்சகர், அதாவது துரை, கையெழுத்து வைக்க வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு கிராம சேவகர் (ஜீ.எஸ்). கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் லயத்தில் குடியிருந்துகொண்டு கொழும்பில் கடை வேலை செய்கிற பையன் என்ன செய்வான்? தோட்ட ஒபீஸில் "உன் பெயர் செக்ரோலில் (தோட்டத் தொழிலாளர் பதிவேட்டில்) இல்லை, ஜீ.எஸ்ஸிடம் போ" என்பார்கள். ஜீ.எஸ்ஸோ "நீ தோட்டத்து ஆள், துரையிடம் போ" என்பார். இப்படி இரண்டு மாதம் அலைந்த ஒருவனோடு நானும் நடந்திருக்கிறேன். கூடப் போகும் அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும், பஸ் காசும் போகும்.

இதற்கு ஒரு வழி உண்டு. இருவரும் மறுத்தால் மூன்றாவது தடவை அங்கே போகாதீர்கள். நேரே பிரதேச செயலகத்தில் உள்ள ஆட்பதிவுப் பிரிவுக்குப் போய், "இதில் யார் கையெழுத்து வைக்க வேண்டும் என்று எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். வாயால் சொன்ன பதிலை வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். வாக்காளர் பட்டியலில் வீட்டார் பெயர் உள்ள பக்கத்தின் பிரதியையும் கொண்டு போங்கள். படம் எடுக்கும்போதும் கவனம் தேவை. ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு செய்த ஸ்டூடியோவில் எடுத்து ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற பழைய படத்தை ஒட்டிக் கொடுத்தால் விண்ணப்பம் திரும்பி வரும்.

அப்புறம் பெயர். பிறப்புச் சான்றிதழில் செல்லம்மா, பள்ளிப் பதிவேட்டில் செல்லம்மாள், அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து அதிகம். கிளார்க்கு கண்டும் காணாமல் விட்டுவிடலாம், கணினி விடாது. பெயரைத் திருத்த மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அவர் இருப்பது பிரதேச செயலகத்தில். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான வரிசையில் அரை நாள் நின்றவர்களை எண்ணி முடியாது. பெரியவர்கள் இன்னும் ஏ.ஜி.ஏ ஒபீஸ் என்று சொல்வதுதான் செயலகம். குப்பை, தெருவிளக்கு, நூலகம் எல்லாம் சபை.

நூலகத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. அங்கத்துவம் கேட்டால், சபை எல்லைக்குள் ஆதன வரி (வீடு, காணிக்கான வரி) கட்டுபவர் ஒருவரைப் பிணை நிற்கச் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு. லயம் கம்பெனிக்குச் சொந்தம், அங்கே யார் ஆதன வரி கட்டுகிறார்கள்? பக்கத்து லயத்துப் பிள்ளையை ஒரு சபை நூலகத்துக்கு அழைத்துப் போனபோது இதைக் கேட்டு வாயடைத்துப் போனேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தை 2018இல் திருத்தி, சபைப் பணத்தைத் தோட்டங்களுக்கும் செலவிடலாம் என்றாக்கினார்கள். அந்தச் செய்தி நூலக மேசை வரை இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. இப்போதைக்கு டவுனில் வரி கட்டும் ஆசிரியரையோ கடைக்காரரையோ பிணை நிற்கக் கேளுங்கள். கூடவே, அந்த விதியைக் காட்டச் சொல்லி சபைச் செயலாளருக்கு ஒரு கடிதமும் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், 14 வேலை நாட்களுக்குள் தருகிறார்களா மறுக்கிறார்களா என்றாவது சொல்லியாக வேண்டும்.

பிள்ளைகளின் சீசன் டிக்கெட் சி.டி.பி பஸ்ஸுக்கு, அதாவது அரச பஸ்ஸுக்கு, மட்டும்தான். பிரைவேட் கொண்டக்டரிடம் நீட்டினால் காசுதான் கேட்பார். உங்கள் வழியில் காலையில் சி.டி.பி ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சிங்களப் படிவத்தை நீட்டினால் தமிழில் கேளுங்கள். தமிழில் எழுதிக் கொடுக்கவும் தமிழிலேயே பதில் வாங்கவும் அரசியலமைப்பில் உரிமை இருக்கிறது. எந்த ஒபீஸில் எதைக் கொடுத்தாலும், கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கியவரின் பதவியையும் தேதியையும் அதோடு குறித்து வையுங்கள்.