சுவருக்குள் பெய்த மழை

திருப்புளியின் முனை ஜன்னலுக்குக் கீழே இருந்த மரச்சட்டத்துக்குள் இறங்கியபோது எந்தத் தடையும் தெரியவில்லை. தேநீரில் நனைந்த ரஸ்க்கில் விரல் இறங்குவதுபோல் இறங்கியது. வெளியே இழுத்தேன். நுனியில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்ற மகள் அதை உள்ளங்கையில் வாங்கித் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது மண்ணா?" என்று கேட்டாள். அது முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நல்ல மரமாக இருந்தது.

நாங்கள் கனடாவின் ஒன்ராறியோவில் வாங்கிய பழைய கேம்பர் டிரெய்லர் அது. காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போய்த் தங்கும் வகை, ஐந்து மீட்டர் நீளம். கோடை தொடங்குவதற்குள் வண்ணம் அடித்து, மெத்தை உறைகளை மாற்றி, ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நினைத்திருந்தோம். பிள்ளைகள் வண்ணத்தைக்கூடத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். திருப்புளி இறங்கிய அந்த நொடியில் திட்டம் மாறியது. பழைய கேம்பரில் புதுப்பிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியும் பகுதி அன்று. தண்ணீர் எந்த வழியாக வந்தது, ஏன் வெளியேறாமல் தங்கியது என்று கண்டுபிடிக்காமல் அடிக்கும் ஒவ்வொரு கோட்டு வண்ணமும் வீண்.

இந்த வண்டிகளின் சுவர் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் நோய் புரியும். வீட்டுக்கூரையில் அடிக்கும் ரீப்பர் கட்டைபோல மெல்லிய மரச்சட்டங்களால் ஒரு கூடு. அதன் உட்புறம் மெல்லிய ப்ளைவுட், இடையில் குளிரைத் தடுக்கும் கண்ணாடிப் பஞ்சு, வெளியே அலுமினியத் தகடு. தகட்டின் விளிம்புகளை மூலைகளில் ஓர் உலோகப் பட்டை மூடுகிறது. பட்டைக்கு அடியில் புட்டி என்ற அடைப்புப் பசை, அதன் மேல் வரிசையாகத் திருகாணிகள். மழைக்கும் மரத்துக்கும் இடையே உள்ள காவல் அந்தப் புட்டி மட்டுமே.

அந்தக் காவலைச் சூரியன்தான் முதலில் உடைக்கிறது. அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 23 பங்கு நீள்கிறது. ஜூலை வெயிலில் கூரைத்தகடு 60 டிகிரி செல்சியஸைத் தொடும். ஜனவரி இரவில் மைனஸ் 20க்கு இறங்கும். இந்த 80 டிகிரி இடைவெளியில் ஐந்து மீட்டர்த் தகடு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. அதைத் தாங்கும் மரச்சட்டமோ இழையின் நீளவாக்கில் 2 மில்லிமீட்டர் அளவுக்குமேல் அசைவதில்லை. ஒன்றோடொன்று திருகப்பட்ட இரண்டு பொருள்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் நடுவில் இருக்கும் புட்டிதான் கிழிபட வேண்டும். புதிதாக இருக்கும்வரை அது இழுபட்டுக் கொடுக்கும். எண்ணெய்ப்பசை வற்றியதும் காய்ந்த களிமண்போல வெடிக்கும்.

வெடிப்பு தலைமுடி அளவு போதும். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்றும் பற்றிக்கொள்கின்றன, பக்கச் சுவரையும் பற்றிக்கொள்கின்றன. இடைவெளி குறுகக் குறுக அந்தப் பிடி வலுத்து, மேல்நோக்கிக்கூட நீரை இழுத்துக்கொள்ளும். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான். குளிர்காலம் வந்தால் வெடிப்பில் தங்கிய நீர் உறைந்து 9 விழுக்காடு பருத்து, இடைவெளியை இன்னும் அகலப்படுத்தும். அடுத்த வசந்தத்தில் கூடுதல் நீர் நுழையும்.

உள்ளே வந்த நீர் வந்த இடத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. கூரை மூலையில் நுழைந்து, சட்டத்தின் வழியாக இறங்கி, ஜன்னலின் கீழ்க்கட்டையில் தேங்குகிறது. நாங்கள் ஜன்னலைத்தான் குற்றவாளி என்று நினைத்தோம். தகட்டைக் கழற்றியபோது ஒரு கறுப்புத் தடம் கூரைவரை ஏறிப்போனது. ஜன்னல் மேல் எந்தத் தவறும் இல்லை.

மரம் நனைவதால் மட்டும் மட்காது, மட்கவைப்பது பூஞ்சை. உலர்ந்த எடையோடு ஒப்பிட்டு மரத்தின் ஈரத்தைக் கணக்கிடுவார்கள். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அச்சமில்லை. 30ஐ நெருங்கும்போது செல்சுவர்கள் முழுக்க ஊறிவிடுகின்றன. அதற்குமேல் வரும் நீர் செல்லின் வெற்றிடத்தில் தேங்கும். பூஞ்சைக்கு அதுதான் விருந்து. பழுப்பு மட்கலை உண்டாக்கும் பூஞ்சைகளின் வேலை எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அவற்றின் நொதிகள் செல்சுவருக்குள் நுழைய முடியாத அளவு பெரியவை. அதனால் முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடையும் இரும்பு அயனிகளையும் சந்திக்கவைத்து, கொடிய வீரியமுள்ள சிறு துகள்களை உருவாக்குகின்றன. அவை உள்ளே ஊடுருவி, மரத்துக்கு வலுத் தரும் செல்லுலோஸ் சங்கிலிகளை வெட்டிப்போடுகின்றன. நொதிகள் பின்னால் வந்து சாப்பிடுகின்றன. மிஞ்சுவது, மர இழைகளை ஒட்டிவைத்திருந்த பழுப்பு நிற லிக்னின். அதுதான் என் மகளின் கையில் இருந்தது. சங்கிலிகள் முன்கூட்டியே அறுபடுவதால், பார்வைக்கு முழுசாகத் தெரியும் கட்டையும் வலுவை இழந்திருக்கும்.

அப்படிப்பட்ட கட்டைகளைக் கண்டுபிடிக்க எங்களிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, கடையில் வாங்கிய ஈரமானி. இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால், அவற்றுக்கிடையே உள்ள மின்தடையை அளந்து ஈரத்தின் விழுக்காட்டைக் காட்டும். உலர்ந்த மரம் மின்சாரத்தைக் கடத்த மறுக்கும். ஈரம் ஏற ஏறத் தடை பல்லாயிரம் மடங்கு சரியும். இரண்டாவது கருவி என் மாமனாரின் விரல்மூட்டு. யாழ்ப்பாணத்தில் தச்சுவேலை செய்தவர். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சட்டத்தையும் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். "தம்பி, இது பதில் சொல்லவில்லை, கழற்றுங்கள்" என்பார். முன்னொரு காலத்தில் ஊறி, பின்பு காய்ந்துபோன மட்கலை ஈரமானி கண்டுபிடிக்காது, ஏனென்றால் அங்கே இப்போது ஈரம் இல்லை. விரல்மூட்டு அதைக் கண்டுபிடித்தது. வலுவான மரத்தில் அதிர்வு ஓடி ஒலிக்கும், இற்றுப்போன மரத்தில் அங்கேயே அடங்கிவிடும்.

மழையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. நான்கு பேர் ஓர் இரவு தூங்கினால் மூச்சிலும் தோலிலுமாக ஒரு லிட்டருக்குமேல் நீராவியை வெளியிடுகிறோம். அடுப்பில் எரியும் புரொப்பேன் வாயு இன்னும் தாராளம்: ஒரு கிலோ எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் பிறக்கும். வாயுவில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் எடை கூடுகிறது. 20 டிகிரியில் ஒரு கனமீட்டர்க் காற்று 17 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. ஆகவே உள்ளறையின் வெதுவெதுப்பான காற்று, ப்ளைவுட் இடுக்குகளின் வழியாகக் கசிந்து குளிர்ந்த அலுமினியத்தின் முதுகைத் தொட்டதும், தாங்க முடியாத நீரை அங்கேயே இறக்கிவைக்கிறது. கண்ணாடிப் பஞ்சு அதை உறிஞ்சி மரத்தோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளும். எங்கள் கண்ணாடிப் பஞ்சைப் பிரித்தபோது பிழிந்தெடுத்த துணிபோல் கனத்தது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, நீரை உறிஞ்சாத கெட்டியான ஃபோம் பலகையைச் சட்டங்களுக்கிடையே இறுக்கமாக வெட்டிப் பொருத்தினோம். வெட்டு ஒரு விரல் அகலம் பிசகினாலும் காற்று அந்த வழியே தகட்டுக்குப் போய்விடும் என்பதால் விளிம்புகளையும் அடைத்தோம். இரவில் கூரைத் துவாரத்தைச் சற்றுத் திறந்துவைப்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

தகடுகள் சேரும் தைப்பு குறைந்தால் கசிவும் குறையும். 1968இல் வின்னிபெக் நகரில் ரே ஒலெக்கோ உருவாக்கிய போலர் என்ற சிறிய கண்ணாடியிழை கேம்பரின் உடல் மேலும் கீழுமாக இரண்டே ஓடுகள். மரக்கூடு இல்லை, மூலைப் பட்டை இல்லை. அவற்றில் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. எங்களுடையதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மூலைகள் அனைத்தையும் திறந்து மறுபடி மூட வேண்டியிருந்தது.

மூடுவதற்கு பியூட்டைல் டேப்பைத்தான் நம்பினோம். ரப்பர் வகையைச் சேர்ந்த இந்தப் பொருள் எளிதில் இறுகிக் கெட்டியாவதில்லை. தகடு நீளும்போது மெல்ல வழிந்து கூடவே போகும், சுருங்கும்போது திரும்பும். சிலிக்கானைப் பலர் பூசுகிறார்கள். நான் அதற்கு எதிரி. ஓரம் விட்டுப்போனபின் அதன் படலத்தின்மேல் வேறெதுவும் எளிதில் ஒட்டாது. முன்பு யாரோ பூசியிருந்ததைச் சுரண்டி எடுக்க மகனுக்கு மூன்று வார இறுதிகள் பிடித்தன. டேப்பை ஒட்டித் திருகாணிகளை முடுக்கியபின் ஒருநாள் விட்டு மறுபடி முடுக்க வேண்டும். அந்த ஒருநாளில் டேப் அழுத்தத்துக்கு இணங்கி ஓரங்களில் பிதுங்கியிருக்கும். அவசரப்பட்டால் இடைவெளி உள்ளே மிஞ்சிவிடும்.

எடையிலும் கண் வேண்டும். வீட்டுக்கு வாங்கும் கனத்த ப்ளைவுட்டால் அலமாரி செய்து பின்பக்கம் வைத்தால், வேகமாகப் போகும்போது டிரெய்லர் மீன்வால்போல் ஆடும். மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு, காரோடு இணைக்கும் முன்கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொது விதி. குளியலறைத் தராசிலேயே அதை அளந்தோம். ஒரு பலகையின் ஒரு முனையைக் கட்டையிலும் மறுமுனையைத் தராசிலும் வைத்து, கட்டையிலிருந்து ஓர் அடி, தராசிலிருந்து இரண்டு அடி தள்ளிக் கொக்கியை இறக்கினால், தராசு காட்டுவதைப்போல் மூன்று மடங்குதான் உண்மை எடை. பள்ளிக்கூடத்து நெம்புகோல் கணக்கை மகள் எனக்கு முன்பே போட்டுவிட்டாள்.

மூடிய வேலை பலித்ததா என்று பார்க்க மழைக்குக் காத்திருக்கவில்லை. கூரைத் துவாரத்தில் ஒரு காற்றூதியைப் பொருத்தி உள்ளே காற்றை அடைத்தோம். பிள்ளைகள் இருவரும் ஏணிகளில் நின்று, சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தைப்புகளில் பூசிக்கொண்டே போனார்கள். காற்று வெளியேறும் இடத்தில் தண்ணீரும் நுழையும். பின்மூலையில் கடுகளவு குமிழ் ஒன்று எழுந்து, பெருத்து, உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று. மகன் அங்கே சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டான். அன்று மொத்தம் ஏழு வட்டங்கள். அத்தனையையும் திறந்து மறுபடி ஒட்டினோம்.

செப்டம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் காலை, மகள் யாரிடமும் சொல்லாமல் ஈரமானியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜன்னலுக்குக் கீழே தாத்தா பொருத்திய புதிய கட்டையில் ஊசிகளைக் குத்திவிட்டு, கதவு வழியே தலையை நீட்டிக் கத்தினாள்: "பதினொன்று!"