டெர்மினேட்டரின் அடுத்தடுத்த பாகங்களை எதை வைத்து எடைபோடுவது? ஓர் எடிட்டரின் குறிப்பு

‘முதல் படம் மாதிரி இல்லை’ என்ற தீர்ப்பு பெரும்பாலும் இடைவேளைக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. படம் முடியும்வரை பொறுத்திருப்பவர்களும் அதையேதான் சொல்கிறார்கள், ஆறுதலுக்கு ‘கிராபிக்ஸ் சூப்பர்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டு. எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்து பிழைப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு குறை உண்டு. தீர்ப்பு தப்பு என்று சொல்லவில்லை, பல நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் எதை எதோடு வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. பன்னிரண்டு வயதில் பார்த்த படத்தின் நினைவையும் நாற்பது வயதில் பார்த்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நினைவுதான் ஜெயிக்கும்.

அறிவியல் புனைவு ஆக்‌ஷன் படங்களில் இதைப் பேச ‘டெர்மினேட்டர்’ வரிசையைவிடத் தோதான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1984 முதல் 2019 வரை ஆறு படங்கள். முதல் இரண்டும் ஜேம்ஸ் கேமரூன் இயக்கியவை, மற்ற நான்குக்கும் நான்கு இயக்குநர்கள். மனிதர்களை அழிக்கக் கிளம்பும் அதே ஸ்கைநெட் கணினி, அதே எதிர்காலப் போர், ஏறக்குறைய எல்லாவற்றிலும் அதே அர்னால்ட். பொருள் ஒன்றாக இருந்து சமைத்தவர் மட்டும் மாறினால் கைப்பக்குவம் எங்கே வித்தியாசப்படுகிறது என்று தெளிவாகத் தெரியும்.

என் அளவுகோல் ஒன்றுதான். பார்வையாளன் முந்தைய படத்தின் நினைவைச் சுமந்துகொண்டுதான் தியேட்டருக்குள் வருகிறான். புதிய படம் அந்த நினைவை வைத்து என்ன வேலை செய்கிறது? பெரிதா, சிறிதா, செலவு எவ்வளவு, வசூல் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் பாகத்தையே எடுத்துக்கொள்வோம். 1991இல் அந்தப் படத்துக்கு வந்தவர்களுக்கு அர்னால்ட் என்றால் எதிர்காலத்திலிருந்து வந்த கொலைகார இயந்திரம். எதிர்காலப் போரில் மனிதர்களை வழிநடத்தப்போகும் ஜான் கானருக்குத் தாயாகப்போகிற சாரா கானரை 1984 படம் முழுக்கத் துரத்தியவன் அவன். எதிர்காலத்திலிருந்து காப்பாற்ற வந்தவனோ ஒல்லியான, சாதாரண உருவம் கொண்ட மனிதன். புதிய படத்தின் முதல் அரைமணி நேரத்தைக் கவனியுங்கள். மறுபடியும் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் அதே பெரிய உடம்பு. இன்னொருவன் ஒல்லி, அதிலும் போலீஸ் யூனிஃபார்ம் போட்டிருக்கிறான், சாராவின் மகன் ஜானின் போட்டோவைக் காட்டி மரியாதையாக விசாரிக்கிறான். யார் நல்லவன் என்று படம் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, முதல் படம் பார்த்த நாமே தப்பாக முடிவு செய்துகொள்கிறோம்.

அந்த ஷாப்பிங் மாலின் பின்பக்க வராந்தாவுக்குப் பையன் ஓடி வருகிறான். எதிரில் அர்னால்ட், கையில் ரோஜாப்பூ டப்பா. ஸ்லோமோஷனில் டப்பாவைத் திறந்து துப்பாக்கியை எடுக்கிறான், பூக்கள் தரையில் சிதறுகின்றன, பூட்ஸ் அவற்றை மிதித்துக்கொண்டு வருகிறது. பையன் திரும்பினால் பின்னால் போலீஸ்காரன். பக்கத்துக் கதவு பூட்டியிருக்கிறது. அர்னால்ட் ‘குனி’ என்கிறான். பையன் குனிய, குண்டு அவன் தலைக்கு மேலாகப் போய்ப் போலீஸ்காரன் மேல் பாய்கிறது. அந்தக் காயங்கள் வெள்ளி நிறத்தில் மூடிக்கொள்கின்றன. நம் ஏழு வருட நினைவு ஒரே கட்டில் தலைகீழாகிறது. எடிட்டராக எனக்குப் பொறாமை தருவது அந்தக் கட் மட்டும் இல்லை, அதற்கு முன்னால் அவசரப்படாமல் காத்திருந்த அரைமணி நேரம். (இதைப் படத்தின் விளம்பரமே முன்கூட்டி உடைத்துவிட்டது என்பது வேறு சோகம். விளம்பரங்களைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.)

இன்னொரு இடம். மனநல மருத்துவமனையிலிருந்து சாரா தப்பித்து ஓடுகிறாள். லிஃப்ட் திறக்கிறது, அர்னால்ட் இறங்குகிறான். அவளுக்குக் கால் வழுக்கித் தரையில் விழுந்து பின்னாலேயே தவழ்கிறாள். இப்போது அவன் நல்லவன் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சற்று முன்புவரை சிறை அறையில் கட்டிலை நிமிர்த்தி வைத்துப் புல்-அப்ஸ் எடுத்துக்கொண்டிருந்த இரும்புப் பெண் ஒரே ஷாட்டில் 1984க்குத் திரும்பிப் போகிறாள். பிறகு அவன் கை நீட்டி ஒரு வசனம் சொல்கிறான்: உயிரோடு இருக்க வேண்டுமானால் என்னோடு வா. முதல் படத்தில் அவளைக் காப்பாற்ற வந்த கைல் ரீஸ் சொன்ன அதே வசனம், இந்த முறை அவளைக் கொல்ல வந்த முகத்திலிருந்து. வார்த்தை மாறவில்லை, வாய்தான் மாறியது.

அடுத்த படங்களும் இதே வசனங்களைப் பயன்படுத்துகின்றன, சலிக்காமல். ‘திரும்பி வருவேன்’ என்பதை ஒரு படத்தில் ஜான் கானர் சொல்கிறார், இன்னொன்றில் சாரா சொல்கிறாள். கூலிங் கிளாஸை வைத்துக்கூட நகைச்சுவை செய்கிறார்கள். தியேட்டரில் விசில் வரும், மறுக்கவில்லை. ஆனால் அந்த விசில் பழைய படத்துக்குத்தான், புதிய காட்சி அதற்கு உழைக்கவில்லை. எங்கள் வேலையில் இது அன்றாடம் நடப்பதுதான். ஏதாவது தொடர்ச்சிப் படத்துக்கு வெட்டிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: “சார், இந்த இடத்துல பழைய பிஜிஎம் போட்டு ரெண்டு செகண்ட் கேப் விடுங்க, தியேட்டர் கிழியும்.” சரி, விடுவோம். கிழியவும் செய்யும். அடுத்த ஷாட்டில் கதை நகராமல் நிற்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

வில்லனைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். தொடர்ச்சிப் படம் எடுப்பவர்களுக்கு வரும் முதல் ஆசை வில்லனைப் பெரிதாக்குவது. கேமரூன் சிறிதாக்கினார். அர்னால்டைவிடப் பெரிய உடம்பு கொண்ட ஒருவரைத் தேடாமல் ராபர்ட் பேட்ரிக் என்ற மெலிந்த நடிகரைக் கொண்டுவந்தார். உருவம் மாறும் உலோகம், ஆனால் வரம்போடு. அதனால் துப்பாக்கியாகவோ வெடிகுண்டாகவோ மாற முடியாது, கத்தி, ஈட்டி மாதிரி எளிய வடிவங்கள்தான் முடியும் என்று அர்னால்டின் வாயாலேயே படம் விதியைச் சொல்லிவிடுகிறது. விதி தெரிந்தால்தான் பயம் வரும். அந்த 137 நிமிடப் படத்தில் கணினியில் உருவான காட்சிகள் ஏறத்தாழ 5 நிமிடம்தான். மிச்சமெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் குழுவின் பொம்மைகளும் ஒப்பனையும் நிஜ வண்டிகளும்.

2003இல் வந்த மூன்றாம் பாகத்தின் வில்லி உலோக எலும்புக்கூட்டின் மேல் திரவ உலோகம், கைக்குள்ளேயே ஆயுதங்கள், மற்ற வண்டிகளையும் தானே ஓட்டுவாள். 2019 படத்தின் வில்லன் இரண்டு ஆளாகப் பிரிவான். ஒவ்வொரு முறையும் ஒரு வசதி கூடுகிறது, செல்போன் மாடல் மாதிரி. எதையும் செய்யக்கூடிய வில்லன் அடுத்து என்ன செய்வானோ என்று நாம் பதறுவதில்லை. எப்படியும் ஏதோ செய்வான் என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறோம்.

துரத்தல் காட்சிகளை ஒப்பிட்டாலே இது புரியும். இரண்டாம் பாகத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் வெள்ளநீர்க் கால்வாய்க்குள் பையன் சின்ன மோட்டார் பைக்கில் ஓடுகிறான், பின்னால் ராட்சத லாரி, அதற்கும் பின்னால் ஹார்லியில் அர்னால்ட். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், போக ஒரே திசை. யார் எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு தூரம், எங்கே தப்பிக்க வழி என்று கண்ணை மூடினாலும் சொல்லிவிடலாம். மூன்றாம் பாகத்தின் கிரேன் துரத்தல் இதைவிடப் பெரியது, நிஜமாகவே நன்றாக எடுக்கப்பட்டது. கொக்கியில் தொங்கிக்கொண்டு அர்னால்ட் கட்டடங்களுக்குள் மோதிப் போவதை ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஓடுகிற ஜானை மறந்து அடுத்து எந்தக் கண்ணாடி உடையும் என்று பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். அந்த வித்தியாசம் பட்ஜெட்டில் இல்லை.

இணைய விமர்சனங்களில் அடிக்கடி வரும் இன்னொரு குற்றச்சாட்டு, ‘முந்தைய படத்தின் விதியை மீறிவிட்டார்கள்’ என்பது. இதைத் தூக்கிக்கொண்டு போனால் முதலில் அடிபடுவது இரண்டாம் பாகம்தான். 1984 படத்தின் காலக்கணக்கு ஒரு மூடிய வட்டம். ஜானைப் பிறக்கவிடாமல் செய்ய ஆள் அனுப்பியதே ஜான் பிறக்கக் காரணமாகிறது. விதியை மாற்ற முடியாது என்ற உணர்வோடு, புயலை நோக்கி சாரா ஜீப்பை ஓட்டிச் செல்வதோடு படம் முடிகிறது. இரண்டாம் பாகமோ எதிர்காலத்தை மாற்றலாம் என்கிறது. முதல் படத்தின் அடித்தளத்தையே பெயர்த்துவிட்டார்கள், நாம் கைதட்டினோம். காரணம், அந்த மீறலுக்கு சாராவும் ஸ்கைநெட் உருவாகக் காரணமான விஞ்ஞானி டைசனும் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று படம் காட்டுகிறது. ஆக, மீறினார்களா என்று கேட்பதைவிட மீறி என்ன பெற்றார்கள் என்று கேட்பது பயனுள்ளது.

இந்தக் கேள்வியோடு மூன்றாம் பாகத்தை மறுபடி பாருங்கள். நிறையப் பேர் அதை ஒதுக்குகிறார்கள், பாதிப் படத்துக்கு நானும் சம்மதிப்பேன். ஆனால் முடிவு? ஸ்கைநெட்டை அழிக்கப் போகிறோம் என்று நம்பி ஜானும் அவனோடு இருக்கும் கேட் என்ற பெண்ணும் மலைக்குள் இருக்கும் நிலவறைக்குப் போகிறார்கள். அங்கே அழிப்பதற்கு எதுவும் இல்லை. பழைய கம்ப்யூட்டர்களும் பதுங்கு அறையும்தான். அவர்களை அங்கே அனுப்பியது போரைத் தடுக்க அல்ல, உயிரோடு இருக்க. மேலே ஏவுகணைகள் புறப்படுகின்றன, ரேடியோவில் யாரோ ‘அங்கே யார் பொறுப்பில்?’ என்று கேட்க ஜான் பதில் சொல்கிறான். இரண்டாம் பாகம் தந்த நம்பிக்கையை நேருக்கு நேர் நின்று மறுக்கும் முடிவு அது. பெரிய பட்ஜெட் கோடைக்காலப் படத்தில் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

2009 படம் எதிர்காலப் போருக்கே நேராகப் போனது, சோபிக்கவில்லை. 2015 படம் 1984இன் முதல் காட்சிகளை அப்படியே மறுபடி உருவாக்கி, இளம் அர்னால்டோடு வயதான அர்னால்டை மோதவிட்டது. பார்க்க வேடிக்கை. ஆனால் அந்தப் படத்தின் பெரிய திருப்பம், மனிதகுலத்தைக் காக்க வேண்டிய ஜான் கானரே எதிரியாகிறான் என்பது. அதை டிரெய்லரிலேயே போட்டு உடைத்தார்கள். இயக்குநர் ஆலன் டெய்லருக்கே அதில் மகிழ்ச்சி இல்லை. டிரெய்லர் வெட்டுவது பல நேரம் வேறு குழு, வேறு கணக்கு. ஆகவே ஒரு பாகத்தை எடைபோட நினைப்பவர்கள் டிரெய்லரைத் தவிர்த்துவிட்டுப் போவது நல்லது. ‘திருப்பம் எதிர்பார்த்ததுதான்’ என்று குறை சொல்லும் முன், எதிர்பார்க்க வைத்தது படமா, விளம்பரமா என்று பாருங்கள்.

வசூலும் ஏமாற்றும். அந்த 2015 படம் உலக அளவில் ஏறத்தாழ 44 கோடி டாலர் ஈட்டியது, 2019இல் வந்த ‘டார்க் ஃபேட்’ சுமார் 26 கோடியோடு நின்றது. இரண்டையும் பார்த்த பலர் பின்னதைத்தான் நல்ல படம் என்பார்கள், நானும்தான்.

அந்த ‘டார்க் ஃபேட்’தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இரண்டாம் பாகத்துக்குப் பிறகு நடந்ததெல்லாம் செல்லாது என்று அறிவித்துவிட்டு, தொடங்கிய சில நிமிடங்களிலேயே கடற்கரை உணவகத்தில் சிறுவன் ஜானைச் சுட்டுக் கொல்கிறது. ரசிகர்கள் கொந்தளித்தார்கள். கொல்வதற்குப் படத்துக்கு உரிமை உண்டு என்பேன். ஆனால் இவ்வளவு பெரிய நினைவை எரித்த பிறகு அந்த வெளிச்சத்தில் புதிதாக எதையாவது காட்ட வேண்டாமா? மறுபடி ஒரு பெண், மறுபடி ஒரு பாதுகாவலர், மறுபடி துரத்தும் இயந்திரம், ஸ்கைநெட்டுக்குப் பதில் வேறு பெயர். சொல்ல ஒரு கதை இருந்தது, அதே படத்துக்குள்ளேயே. ஜானைக் கொன்ற அந்த டெர்மினேட்டர் வேலை முடிந்து, கட்டளையிட யாரும் இல்லாமல், டெக்சாஸில் திரைச்சீலை வியாபாரம் செய்துகொண்டு ஒரு குடும்பத்தோடு வாழ்கிறான். தான் பறித்தது என்ன என்பதை மெல்ல உணர்கிறான். அவன் வீட்டுக் கூடத்தில் சாரா வந்து நிற்கிறாள். அந்த அறையிலேயே ஒரு முழுப்படம் இருக்கிறது. அவர்களோ திரைச்சீலை ஜோக் ஒன்றைச் சொல்லிவிட்டு விமானத்துக்குக் கிளம்புகிறார்கள்.

நம் ஊரிலும் இதற்கு நெருங்கிய உதாரணம் உண்டு. 2010இல் வந்த ‘எந்திரன்’ சிட்டியின் அனிமேட்ரானிக்ஸில் (இயந்திரத்தால் அசையும் பொம்மைகளில்) வின்ஸ்டனின் ஸ்டுடியோவிலிருந்து வந்த குழுவே வேலை செய்தது. 2018இல் வந்த ‘2.0’, முதல் படத்தில் நாம் வெறுத்து ரசித்த அந்தக் கெட்ட சிட்டியைக் காப்பாற்றுகிறவனாகத் திரும்பக் கொண்டுவருகிறது. நினைவைத் தலைகீழாக்கும் அதே உத்திதான். பறவைகளும் செல்போன்களும் சேர்ந்த பிரமாண்டத்தைவிட அந்த மாற்றத்துக்குத்தான் நான் இருக்கையின் நுனிக்கு வந்தேன். ஆனால் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள்.

‘எவ்வளவு உழைப்பு தெரியுமா’ என்று வாதிடுபவர்களுக்கு ஒரு சேதி. இரண்டாம் பாகத்தில் அர்னால்டின் தலையைத் திறந்து சிப்பை எடுக்கும் காட்சி ஒன்று எடுக்கப்பட்டது. கண்ணாடி முன்னால் நடப்பது போல இருக்கும், ஆனால் கண்ணாடி கிடையாது. சுவரில் ஒரு திறப்பு. இந்தப் பக்கம் அர்னால்டின் பொம்மை, அந்தப் பக்கம் நிஜ அர்னால்ட். லிண்டா ஹாமில்டனும் அவருடைய இரட்டைச் சகோதரியும் இரண்டு பக்கமும் நின்று ஒரே அசைவைச் செய்தார்கள். அசாத்திய ஷாட். தியேட்டர் பதிப்பில் அது இல்லை. பிறகு வந்த நீளப் பதிப்பில் பார்க்கலாம். வயதான சாரா பூங்காவில் உட்கார்ந்து எல்லாம் நலம் என்று சொல்லும் ஒரு முடிவையும் படமாக்கிவிட்டுத் தூக்கிப் போட்டார்கள், இருட்டில் ஓடும் சாலையோடு முடித்தார்கள். எடிட்டர்கள் மூன்று பேர், அவர்களில் மார்க் கோல்ட்பிளாட் முதல் படத்திலும் இருந்தவர்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் 107 நிமிட முதல் படத்தையும் இரண்டாவதின் தியேட்டர் பதிப்பையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள். அப்புறம் மற்றதுக்கு வாருங்கள். என் வரிசை கேட்பவர்களுக்கு: இரண்டு, ஒன்று, மூன்று, ‘டார்க் ஃபேட்’, 2009, 2015. மூன்றாவதை ‘டார்க் ஃபேட்’டுக்கு மேலே வைத்ததற்குச் சண்டைக்கு வருபவர்கள், அதன் கடைசிப் பத்து நிமிடத்தை மறுபடி பார்த்துவிட்டு வரட்டும்.