அந்த ரிமோட்டுக்குக் கண் கிடையாது

போன மாதம் மதுரையில் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு. எழுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் அங்கே தனியாக இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வந்த மகன் பெரிய டிவி, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஐந்து ஸ்பீக்கர், சப்வூஃபர் எல்லாம் மாட்டிக் கொடுத்து, அம்மா சிரமப்படக் கூடாதென்று எல்லாவற்றையும் ஒன்றாலேயே இயக்கும் ஒரு யுனிவர்சல் ரிமோட்டையும் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "இந்த ஒரு பட்டன் போதும்னான் தம்பி. அமுக்கினா டிவி வருது, பாக்ஸ் அணையுது. மறுபடி அமுக்கினா பாக்ஸ் வருது, டிவி அணையுது" என்றார். செட்டாப் பாக்ஸைத்தான் பாக்ஸ் என்கிறார். மூன்று வாரமாகப் பக்கத்து வீட்டில் போய்த்தான் சீரியல் பார்த்திருக்கிறார்.

அங்கே ஒரு பொருளும் பழுதாகவில்லை. ஹோம் தியேட்டர் வேலைக்குப் போகிற பல வீடுகளில் நான் பார்ப்பது இதே சிக்கலைத்தான்.

பெரும்பாலான ரிமோட்டுகளில் பவர் பட்டன் ஒன்றுதான். அணைந்திருந்தால் போடும், ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கும். சாதாரண ரிமோட் அகச்சிவப்பு ஒளியை விட்டுவிட்டு அனுப்புகிறது, அவ்வளவுதான். எதிரில் இருப்பது ஓடுகிறதா, அணைந்திருக்கிறதா என்று அதற்குத் திரும்பச் செய்தி வராது. அந்த வீட்டில் கரண்ட் போய் வந்ததும் செட்டாப் பாக்ஸ் தானாக ஆன் ஆகிவிட்டது. டிவியும் ஆம்ப்பும் ஸ்டாண்ட்பையில் நின்றுவிட்டன. அதன்பிறகு மூன்றுக்கும் ஒரே சிக்னல் போனால் எத்தனை முறை அழுத்தினாலும் மூன்றும் ஒன்று சேராது. அந்த அம்மா தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. பல டிவிகளுக்கும் ஆம்ப்புகளுக்கும் 'ஆன்' தனி, 'ஆஃப்' தனி என்று சிக்னல் உண்டு. கம்பெனி கொடுத்த ரிமோட்டில் அதற்குப் பட்டன் இருக்காது. ஆனால் நல்ல யுனிவர்சல் ரிமோட்டின் பட்டியலில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அந்த வீட்டில் டிவிக்கும் ஆம்ப்புக்கும் தனி 'ஆன்' சிக்னல் போட்டேன். செட்டாப் பாக்ஸுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதனால் அதை அந்தப் பட்டனிலிருந்தே எடுத்துவிட்டேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கட்டும். இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தேன்: அழுத்தியவுடன் ரிமோட்டைக் கீழே வைக்கக் கூடாது. சிக்னல் ஒவ்வொன்றாகத்தான் போகும், ஐந்தாறு விநாடி டிவி பக்கமே காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

உண்மையில் டிவி, சவுண்ட்பார் (நீளமான ஒற்றை ஸ்பீக்கர்) இரண்டு மட்டும் இருக்கிற வீட்டுக்கு யுனிவர்சல் ரிமோட்டே தேவையில்லை. இரண்டையும் இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளுக்குள் சி.இ.சி. என்று ஒரு வசதி இருக்கிறது. சாம்சங் அதை 'எனிநெட் பிளஸ்' என்கிறது, எல்ஜி 'சிம்ப்லிங்க்', சோனி 'பிராவியா சிங்க்'. செட்டிங்ஸில் ஆன் செய்து, கேபிளை ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் போர்ட்டில் சொருகினால் டிவி ரிமோட்டிலேயே சவுண்ட்பாரின் சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். டிவியை அணைத்தால் அதுவும் சேர்ந்து அணையும். இங்கே சாதனங்கள் ஒன்றையொன்று கேட்டுத் தெரிந்துகொள்கின்றன; ரிமோட்டுக்கு இல்லாத கண் இந்தக் கேபிளுக்கு உண்டு. முதலில் இதைச் செய்து பாருங்கள், செலவே கிடையாது.

யுனிவர்சல் ரிமோட் வாங்கத்தான் வேண்டும் என்றால், வீட்டில் ஃபயர் டிவி ஸ்டிக் (டிவியில் சொருகி இணையத்தில் படம் பார்க்கும் அமேசான் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். அதில் அகச்சிவப்பு ரிசீவர் இல்லை, புளூடூத்தில் ஓடுகிறது. கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரிமோட் அதை அசைக்கவே அசைக்காது. லாஜிடெக் ஹார்மனி ஒரு காலத்தில் நான் மனதாரப் பரிந்துரைத்த ரிமோட். 2021-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் மீதியை இன்று அதிக விலை கொடுத்து வாங்காதீர்கள், அதில் ஒரு மாற்றம் செய்யக்கூட அந்த நிறுவனத்தின் சர்வரை நம்பியிருக்க வேண்டும்.

பழைய ரிமோட்டின் சிக்னலைக் கற்றுக்கொள்ளும் வகை என்றால் இரண்டு ரிமோட்டையும் மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளியில் நேருக்கு நேர் வைத்து, ஜன்னல் வெயில் படாத இடத்தில் செய்யுங்கள். சிக்னல் வருகிறதா என்று சந்தேகமா? செல்போனின் முன்பக்க கேமராவுக்கு எதிரே ரிமோட்டை அழுத்துங்கள், முனையில் இளம் ஊதா நிறத்தில் மினுக்கும். எதுவும் தெரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள்.

புதியது வந்ததும் பழையவற்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்பீக்கர் அளவு, ஆடியோ டிலே மாதிரியான செட்டிங்குகளுக்கு ஒருநாள் அவை வேண்டியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு உயரமான அலமாரியில் வையுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங் அரித்துவிடும்.

அதைவிட முக்கியம், சவுண்ட்பாரோடு வரும் அட்டை மாதிரியான மெல்லிய ரிமோட். அதற்குள் பெரும்பாலும் இருப்பது சி.ஆர். 2025 என்ற நாணய வடிவ பேட்டரி. ஒதுக்கிய ரிமோட் கடைசியில் குழந்தை கைக்குத்தான் விளையாடப் போகிறது. நான் போகும் வீடுகளில் தரையில் கிடந்ததை எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைப் புண்ணாக்கிவிடும். அழவில்லையே, நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.