“மாஸ்க் போட்டுத்தான் ஒட்டினேன், டாக்டர்”

இரண்டு மாதத்தில் மூன்றாவது ஆள். வயது இருபத்தொன்று. சினிமா, வீடியோ கேம் பாத்திரங்களைப் போல உடை செய்து அணியும் ‘காஸ்பிளே’ பொழுதுபோக்குக்காக, விண்வெளிப் படைவீரனின் கவச உடையை ஃபோமில் செய்துகொண்டிருந்த பையன். கதவை அடைத்து, ஏசி போட்டு, தரையில் உட்கார்ந்து நான்கு மணி நேரம் ரப்பர் பசையால் ஒட்டியிருக்கிறான். தலைவலி, வாந்தி, அப்புறம் எழுந்து நிற்க முடியாத தள்ளாட்டம். அறை நண்பர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டதும் அவன் சொன்ன முதல் வாக்கியம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

அவன் பொய் சொல்லவில்லை. மாஸ்க் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் வந்த ஒருவர் கைக்குட்டை கட்டியிருந்தார், இன்னொருவர் என்95 அணிந்திருந்தார். மூவருமே தங்களால் முடிந்த பாதுகாப்பைச் செய்துவிட்டதாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையால்தான் ஜன்னலைத் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

தூசி வேறு, ஆவி வேறு. என்95 மாஸ்க் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். ஃபோமை உப்புத்தாளில் தேய்க்கும்போதும், ரோட்டரி டூல் என்ற சுழலும் கருவியில் ராவும்போதும் பறக்கும் தூளுக்கு அது நல்லதுதான், தாராளமாகப் போடுங்கள். ஆனால் ரப்பர் பசையிலிருந்து கிளம்புவது தூள் இல்லை. டொலுயீன், ஹெக்சேன், அசிட்டோன் போன்ற கரைப்பான்களின் ஆவி. அதன் மூலக்கூறு 0.3 மைக்ரானைவிடச் சில நூறு மடங்கு சிறியது. கொசுவலைக்குள் படுத்திருந்தாலும் சமையலறை வாசனை வந்துசேர்கிறது அல்லவா? அதேதான். மாஸ்க்கை இரண்டு அடுக்காகப் போட்டாலும், ஈரத்துணி கட்டினாலும் கதை மாறாது.

ஆவியைப் பிடிக்க கரி அடைத்த கார்ட்ரிட்ஜ் வேண்டும். முகத்தோடு ரப்பராகப் பொருந்தும் அரைமுக ரெஸ்பிரேட்டரில் ‘ஆர்கானிக் வேப்பர்’ என்று குறித்த கார்ட்ரிட்ஜை மாட்ட வேண்டும். அமெரிக்கத் தரத்தில் அதற்குக் கறுப்புப் பட்டை, ஐரோப்பியத் தரத்தில் பழுப்புப் பட்டை. ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதென்றால் அதோடு துகள் வடிகட்டியும் சேர வேண்டும். தாடி இருந்தால் ஓரம் சரியாக ஒட்டாது, காற்று பக்கவாட்டில் புகுந்துவிடும். தாடியை எடுக்க மனமில்லாதவர்கள் ஒட்டும் வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்றி மேசைமேல் போட்டுவைத்தால் அறைக்காற்றையே உறிஞ்சித் தீர்ந்துபோகும். காற்றுப் புகாத பையில் மூடிவையுங்கள்.

“முதலில் நெடி அடித்தது, அப்புறம் போய்விட்டது” என்பார்கள். நெடி எங்கும் போகவில்லை, உங்கள் மூக்குதான் பழகிவிட்டது. அறையில் ஆவி ஏறிக்கொண்டே இருக்கும்போது மூக்கு அமைதியாகிவிடும். அடுத்து மந்தமாகப் போவது மூளை, எழுந்து ஜன்னலைத் திறக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டிய அதே மூளை. ஸ்பிளிட் ஏசியை நம்பாதீர்கள், அது அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றவிடுகிறது. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். நீங்களும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். மேசைக்கு மாறுங்கள். ஜன்னலில் ஒரு மின்விசிறியை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள், எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிடுங்கள். பசை காயாத பாகத்தின் அருகே, சூடான காற்றை வீசும் ஹீட் கன்னை எடுக்கவே கூடாது. அந்த ஆவி தீப்பிடிக்கும்.

ஒரு நாள் மயக்கம்தானே, தெளிந்துவிட்டதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. 1960களில் ஜப்பானில் செருப்பு ஒட்டும் தொழிலாளர்களுக்குக் கைகால் மரத்து, தசை பலவீனமாகி, நடையே தடுமாறியது. காரணம் பசையில் இருந்த ஹெக்சேன். இன்று ஃபோம் ஒட்டும் ரப்பர் பசை பலவற்றிலும் அதே கரைப்பான் இருக்கிறது. மாதக்கணக்கில் இரவெல்லாம் ஒட்டுகிறவர்கள் கால்விரல் மரத்தால் அலட்சியப்படுத்த வேண்டாம்.

அடுத்து, இரண்டு பாட்டில் திரவங்களைக் கலந்து வார்க்கும் பாலியூரித்தேன் பிளாஸ்டிக். அதில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. நெடி தெரிவதற்கு முன்பே காற்றில் அது பாதுகாப்பான அளவை மீறியிருக்கலாம். உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் ஆஸ்துமா வரும். என்னிடம் வந்த ஒருவர் அந்தப் பொழுதுபோக்கையே விட வேண்டியதாயிற்று. கண்கலங்கித்தான் சொன்னார். வீட்டுக்குள் அதைச் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஃபைபர் கிளாஸ் ரெசினோடு வரும், அதை இறுகவைக்கும் ஹார்டனர் ஒரு சொட்டுக் கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் மூடியைத் திறக்க வேண்டும். விழுந்துவிட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள், அப்புறம் கண் மருத்துவரிடம் ஓடுங்கள். அந்த ஹார்டனரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும்.

சூப்பர் குளூ பருத்தித் துணியில் கொட்டினால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும். பருத்திக் கையுறையோடு அதைத் தொடாதீர்கள். மழுங்கிய கட்டரை அழுத்தி அறுக்காதீர்கள், மடியில் வைத்தும் அறுக்காதீர்கள். அறுந்த உள்ளங்கைத் தசைநாரைத் தைத்தபிறகு விரல் பழையபடி மடங்க மாதங்கள் ஆகும்.

கையுறைக் கவசத்துக்கு அச்சு எடுக்க பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுக்குள் கையை விடலாமா என்று ஒரு பெண் கேட்டாள். கேட்டாளே, அதுவே பெரிய விஷயம். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி ஓவிய வகுப்பில் பிளாஸ்டர் வாளிக்குள் கையை வைத்தாள். பிளாஸ்டர் இறுகும்போது சூடாகும், இறுகியபின் கையை உருவ முடியாது. அவள் பெரும்பாலான விரல்களை இழந்தாள். உடம்பு அச்சுக்கு, பல் மருத்துவர்கள் பல் அச்சு எடுக்கும் ஆல்ஜினேட் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மேல்உடம்புக்கு அளவெடுக்க, உடம்பின் மேலேயே டக்ட் டேப் என்ற கெட்டியான ஒட்டுநாடாவைச் சுற்றி, வெட்டியெடுத்துப் பொம்மை செய்வதும் உண்டு. மார்பைச் சுற்றும்போது ஆழமாக மூச்சு இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் இறுகிவிடும். முழங்காலை விறைத்தபடி அசையாமல் நின்றால் மயக்கம் வரும். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தனியாகச் செய்யவே வேண்டாம்.

உடை தயாராகிவிட்டது. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே அணிந்து பாருங்கள். உட்காருங்கள், மண்டியிடுங்கள், படி ஏறுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்தில் உருண்டையாக ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் கழுத்தைச் சுற்றித்தான் பாதத்தை மேலே தூக்கும் நரம்பு போகிறது, தோலுக்கு மிக அருகில். கால் கவசத்தின் மேல் விளிம்பும் அதன் பட்டையும் சரியாக அங்கேதான் அழுத்துகின்றன. நாள் முழுக்க அப்படி இருந்துவிட்டு வந்த ஒருவருக்குப் பாதம் தொங்கிவிட்டது. சரியாக ஏழு வாரம் ஆனது. விளிம்பை இரண்டு விரல் அளவு கீழே இறக்குங்கள், அந்த இடத்தில் மெத்தென்ற ஃபோம் வையுங்கள். தொடையின் வெளிப்பக்கம் எரிந்தாலோ மரத்தாலோ இடுப்புப் பட்டை இடுப்பு எலும்பின் முன்பக்கத்தில் அழுத்துகிறது என்று அர்த்தம். மாத்திரை வேண்டாம், பட்டையைத் தளர்த்தினாலே போதும்.

ஃபோமில் காற்றுப் புகாது, வியர்வை ஆறாது. ஹெல்மெட்டுக்குள் சிறிய விசிறி வையுங்கள், அரைமணிக்கு ஒருமுறை ஹெல்மெட்டைக் கழற்றித் தண்ணீர் குடியுங்கள். கூடவே ஒருவர் இருக்க வேண்டும், அவர் உங்கள் கவசத்தை ஒரு நிமிடத்துக்குள் கழற்றப் பழகியிருக்க வேண்டும். கத்தரித்தால்தான் கழலும் என்ற உடை எனக்கு உடையே இல்லை. வியர்த்துக்கொண்டிருந்தால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். உடம்பை வருத்தியதால் வரும் வகையில் வியர்வை இருந்துகொண்டே இருக்கலாம். குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், கவசத்தைப் பிய்த்தெறிந்து தண்ணீரை ஊற்றிக் குளிர்வியுங்கள், விசிறுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். புகைப்படத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

விளக்குகளுக்கான லித்தியம் பேட்டரியை மார்போடு ஒட்டித் தைத்துவிடாதீர்கள். சட்டென்று உருவி எறியக்கூடிய பையில் இருக்கட்டும்.

என்ன ஆனாலும் எங்களிடம் வர வெட்கப்படாதீர்கள், “பொம்மை உடை செய்து இப்படியா” என்று நாங்கள் கேட்கமாட்டோம். வரும்போது பசை டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். “ஒரு மஞ்சள் டப்பா, டாக்டர்” என்பதை வைத்து எங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.