காலடிக்குப் பின்னால் ஓடிவரும் ஒளி

சிங்கப்பூரில் நடனப் பள்ளிகளும் நாடகக் குழுக்களும் பின்திரையில் ஒரு வீடியோவை ஓட்டிவிடுவதோடு இப்போது நிற்பதில்லை. ஆடுபவர் அசைய அசையப் படமும் மாறவேண்டும் என்கிறார்கள். ஆசை சரிதான். ஆனால் முதலில் பார்க்கவேண்டியது படத்தின் அழகையல்ல, அது எவ்வளவு பிந்துகிறது என்பதை.

ஆதி தாளம், நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) என்று வைத்துக்கொள்வோம். ஓர் அட்சரத்துக்கு 750 மில்லிவினாடி. ஓர் அட்சரத்துக்கு நான்கு தட்டு வரும் மூன்றாம் காலத் தட்டடைவில் 187 மில்லிவினாடிக்கு ஒரு தட்டு விழும். பாதம் தரையைத் தொட்டதும் திரையில் தாமரை விரியவேண்டும் என்று எதிரே அகச்சிவப்புக் கதிரால் ஆழம் அளக்கும் கேமராவை வைக்கிறீர்கள். அது வினாடிக்கு 30 படம் எடுத்தால், அதற்கே 33 மில்லிவினாடி. உடலைக் கணினி அடையாளம் காண ஏறத்தாழ 40 முதல் 60. படத்தை வரைய இன்னும் 16 முதல் 33. புரொஜெக்டருக்குள் 30 முதல் 50. மொத்தம் 120க்குக் குறையாது, 175 வரை போகும். அடுத்த தட்டு விழப்போகும் நேரத்தில்தான் தாமரை மலரும். அவையோருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆடுகிற பிள்ளைதான் தாளம் தப்புகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தாமதத்தை அளக்கக் கைப்பேசி போதும். வினாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பாதமும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியுமாறு பிடியுங்கள். பாதம் தரையில் பட்ட படத்திலிருந்து திரை மாறிய படம் வரை எண்ணுங்கள். 30 படம் என்றால் 125 மில்லிவினாடி. புரொஜெக்டரில் சாய்ந்து விழும் படத்தை நேராக்கும் கோணல் திருத்தத்தை அணைத்து, தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டுவிட்டு மறுபடி எண்ணினால், பல கருவிகளில் நல்ல வித்தியாசம் தெரியும். கோணலைச் சரிசெய்யப் புரொஜெக்டரையே நேராக மாட்டுவதுதான் வழி.

தட்டைப் பிடிக்கக் கண்ணைவிடக் காது மேல். அதிர்வை மின்சைகையாக்கும் 27 மில்லிமீட்டர் பீசோ வில்லைகள் சிம் லிம் டவரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். பிளைவுட் மேடைப்பலகையின் அடியில் இரண்டு மூன்றை ஒட்டி, ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குக் கொடுத்தால், அடி விழுந்த செய்தி சில மில்லிவினாடியில் வந்துவிடும். ஓர் அடியைக் கேட்டதும் 90 மில்லிவினாடி காதைப் பொத்திக்கொள்ளும்படி மென்பொருளில் சொல்லுங்கள். 40 என்று வைத்தால் சலங்கையின் பின்னதிர்வே இன்னொரு அடியாகிவிடும். 180ஐ நெருங்கினால் அடுத்த தட்டு விழுங்கப்படும். நட்டுவனார் தட்டும் உலோகத் தாளத்திலிருந்தும் அடியை எடுக்கலாம். ஆனால் தாளத்தின் மேலேயே பீசோவை ஒட்டாதீர்கள், நாதம் செத்துவிடும். அருகில் ஒரு மைக் வைத்து, 3,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் மிருதங்கம் பெரும்பாலும் ஒதுங்கிவிடும்.

அப்படியும் படம் வரையும் நேரமும் புரொஜெக்டர் எடுத்துக்கொள்ளும் நேரமும் மிஞ்சும். ஆகவே வெட்டென்று விழவேண்டிய தீர்மானத்துக்கு (ஜதியை முடித்துவைக்கும் கோர்வை) படத்தை நம்பாமல் விளக்கை நம்புவது நல்லது. மேடை விளக்குகளை இயக்கும் டிஎம்எக்ஸ் கம்பியில் கட்டளை வினாடிக்குச் சுமார் 44 முறை போகிறது, அதாவது 23 மில்லிவினாடிக்கு ஒருமுறை. தட்டுக்கு விளக்கு, உடல்வீச்சுக்குப் படம். கை மெல்ல உயர மேகம் நகர்வது, நடக்கும் வழியில் நீர் கலைவது போன்றவை 150 மில்லிவினாடி பிந்தினாலும் கண்ணை உறுத்தாது. படமும் ஒரு பக்கவாத்தியம்தான். நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகரை மறித்துக்கொண்டு வாசிக்கமாட்டார்.

பரத உடைக்கும் அகச்சிவப்புக் கேமராவுக்கும் ஒத்துப்போவதில்லை. கருங்கூந்தல் கதிரை உறிஞ்சிவிடுவதால் தலையிருக்கும் இடத்தில் ஓட்டை விழும். நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் அதைத் திருப்பியடித்துப் புள்ளி புள்ளியாகத் துள்ளும். முழங்காலை மடித்து நிற்கும் அரைமண்டியில் விசிறி மடிப்பு விரிந்து முழங்காலை மறைக்க, மென்பொருள் காலை வேறெங்கோ ஊகிக்கும். எனவே காலை விட்டுவிட்டு இடுப்பு, தோள், மணிக்கட்டு ஆகியவற்றை மட்டும் பின்தொடரச் செய்யுங்கள். நான்கு மீட்டரில் பதாக முத்திரையும் திரிபதாக முத்திரையும் கேமராவுக்கு ஒன்றுதான். புகை இயந்திரம் வேண்டவே வேண்டாம். பழைய ஹாலஜன் விளக்குகளும் அகச்சிவப்பை வாரியிறைக்கும், எல்இடிக்கு மாறுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முழு உடை, முழு நகை, முழு வெளிச்சத்தில் ஒத்திகை பார்க்கவேண்டும். ட்ரேக் பேன்டில் பார்த்த ஒத்திகை கணக்கில் சேராது.

திரை 6 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம் என்றால் 21 சதுர மீட்டர். 5,000 லூமென் புரொஜெக்டர் அதில் ஏறத்தாழ 240 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை லூமென், தரும். முன்விளக்கு திரையில் சிந்தினால் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடும், ஆகவே ஆடுபவருக்குப் பக்கவாட்டு விளக்கு, திரைக்கும் அவருக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி. லென்ஸின் வீச்சு விகிதம் (தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் புரொஜெக்டர் 9 மீட்டர் தள்ளியிருக்கவேண்டும். சிறிய அரங்கில் அவ்வளவு இடம் இருக்காது. 0.8 லென்ஸ் கேளுங்கள், 4.8 மீட்டர் போதும்.

கம்பியில்லா இணைப்பு ஒத்திகையில் சமர்த்தாக இருக்கும். 200 பேர் கைப்பேசியோடு வந்து உட்கார்ந்ததும் தடுமாறும். சென்சார் செய்திகள் பெரும்பாலும், போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத யூடிபி முறையில் போவதால் தொலைந்தது கூடத் தெரியாது. கம்பி இழுங்கள்.

வெளியரங்கு வேறு கதை. இங்கே ஆண்டு முழுக்கச் சூரியன் மறைவது ஏழு மணிவாக்கில்தான், ஏழரை வரை திரை வெளுத்தே தெரியும். ஆறு மணிக்குப் படத்தைச் சுவரோடு பொருத்தமுடியாது, முதல் நாள் இரவே முடித்துவிடவேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்த லென்ஸில் உடனே நீர் பூக்கும். பையிலிருந்து வெளியே எடுக்காமல் அரைமணி நேரம் வெளிக்காற்றில் வையுங்கள். நவம்பர், டிசம்பர் நிகழ்ச்சி என்றால் மழையையும் சேர்த்தே திட்டமிடுங்கள். ஈரத்தரை படத்தைப் பிரதிபலிக்கும், ஆடுபவரையும் வழுக்கிவிடும்.

கணினியில் ஒரு விசையைத் தொட்டால் திரை மெதுவாகக் கருமைக்குப் போகும்படி அமையுங்கள், அதன் மேல் எப்போதும் ஒருவர் விரல் இருக்கட்டும். கடைசி ஒத்திகையில், ஆடுபவரிடம் சொல்லாமல், வர்ணம் என்னும் நீண்ட உருப்படியின் நடுவே சென்சார் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். அவர் திரும்பித் திரையைப் பார்த்தால் இன்னும் ஒரு வாரம் ஒத்திகை வேண்டும்.