கரண்டை நிறுக்கும் தராசு

மொட்டைமாடியில் சோலார் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இன்வெர்ட்டருக்குள் கரண்டை அளக்க ஒரு சின்ன ரெசிஸ்டர் போதாதா? விலை கூடின ஹால் சென்சார் எதற்கு?"

ரெசிஸ்டரும் அளக்கும்தான். 3 கிலோவாட் இன்வெர்ட்டர் 230 வோல்ட்டில் தள்ளுவது சுமார் 13 ஆம்பியர். 1 மில்லி ஓம் ஷன்ட்டில் (அந்தச் சின்ன ரெசிஸ்டரின் பெயர்) அது 13 மில்லிவோல்ட்டாகத் தெரியும். ஆனால் ஷன்ட் இ.பி. லைனிலேயே உட்கார்ந்திருக்கிறது, கன்ட்ரோல் போர்டைக் காப்பாற்ற நடுவில் மின்தொடர்பைப் பிரித்துவைக்கும் ஒரு ஐசொலேஷன் சிப் வேண்டும். வயரைத் தொடாமல், சுற்றிவைத்த சுருளால் அளக்கும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், அதன் கண்ணில் படவே படாது. இன்வெர்ட்டர் லைனுக்குள் டி.சி.யைக் கசியவிட்டால், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒரு பக்கமாகவே காந்தமேறித் திணறும். சோலார் போன்றவற்றை லைனில் இணைப்பதற்கான ஐ.இ.இ.இ. 1547 தரநிலை, இன்வெர்ட்டரின் முழுக் கரண்டில் 0.5 சதவீதத்துக்கு மேல் டி.சி. கூடாது என்கிறது. நம் கணக்கில் 65 மில்லி ஆம்பியர்!

இனி, இந்த இரண்டு தொல்லையும் இல்லாத ஹால். 1879இல் எட்வின் ஹால் என்ற ஆராய்ச்சி மாணவர் மெல்லிய தங்கத் தகட்டில் கரண்டை ஓடவிட்டு, குறுக்கே காந்தத்தை வைத்தார். தகட்டின் இரு ஓரங்களுக்கிடையே சிறு வோல்டேஜ் எழுந்தது. எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட 18 வருஷம் இருந்தது. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு நிதி ஒதுக்கும் குழு இருந்திருந்தால் அந்தத் தகடு பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும்.

எனக்குப் பிடித்தது இதன் க்ளோஸ்டு லூப் வகை. அது அசல் தராசு. கரண்ட் போகும் வயரைச் சுற்றி ஒரு காந்த வளையம்; வளையத்தில் ஒரு வெட்டு; வெட்டுக்குள் ஹால் துணுக்கு. அதுதான் தராசு முள். ஒரு தட்டில் வயரின் 13 ஆம்பியர். மறுதட்டில், வளையத்தின் மேல் சுற்றிய 1000 சுற்றுச் சுருள். முள் சாய்ந்தவுடன் ஒரு ஆம்ப்ளிஃபயர், வளையத்தின் காந்தப் புலம் பூஜ்யமாகும்வரை சுருளில் எதிர்க் கரண்டை ஏற்றுகிறது. 13 மில்லி ஆம்பியரில் முள் நேராகிவிடும். படிக்கல்லைப் பார்த்து எடை சொல்வதுபோல, அந்த 13 மில்லி ஆம்பியரே விடை. எவ்வளவு சாய்ந்தோம் என்று முள்ளுக்குத் துல்லியமாகத் தெரியவேண்டியதில்லை. நேராக நிற்கிறோமா என்று தெரிந்தால் போதும். கரண்ட் படுவேகமாக மாறும்போது முள் பின்தங்கும். அப்போது அந்தச் சுருளே கரண்ட் டிரான்ஸ்ஃபார்மராகி வேலையை முடித்துவிடும்!

முள்ளே கொஞ்சம் கோணலாக இருந்தால்? இல்லாத டி.சி.யை இருப்பதாக நினைத்து, அதைச் சரிக்கட்ட இன்வெர்ட்டர் நிஜமான டி.சி.யை லைனில் ஏற்றும். அதனால் காலையில் இன்வெர்ட்டரை லைனோடு இணைக்கும் ரிலே (சுவிட்ச்) மூடுவதற்கு முன், கரண்டே ஓடாத நேரத்தில் சென்சார் காட்டுவதைக் குறித்துக்கொண்டு, பிறகு கழித்துக்கொள்ளலாம். ஆனால் மதியம் பெட்டி கொதிக்கும்போது அந்தப் பூஜ்யமும் நகரும். நானாக இருந்தால் டேட்டாஷீட்டின் முதல் பக்கத் துல்லியச் சதவீதத்தை விட்டுவிட்டு, வெப்பத்தால் ஆஃப்செட் (அந்தப் பூஜ்யக் கோணல்) எவ்வளவு நகரும் என்ற வரியைத்தான் முதலில் தேடுவேன்.